சொகுசு கார் வாங்கும்போது எங்கே பேரம் பேசலாம்?

எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை, 70 லட்சம் ரூபாய் என்று ஷோரூமில் சொல்லும் ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். அந்த 70 லட்சத்துக்குள்ளேயே 20 லட்சம் ஜிஎஸ்டி இருக்கிறது. தயாரித்த நிறுவனமும் விற்கும் டீலரும் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது மீதி 50 லட்சத்தைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40% என்று ஒரே ஜிஎஸ்டி விகிதம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 28% ஜிஎஸ்டி, அதன் தலைமேல் செஸ் என்று சேர்ந்து பெரிய எஸ்யூவிகளுக்கு 50% வரை போனது. மின்சாரக் காருக்கு மட்டும் அன்றும் இன்றும் 5%தான்.

அப்புறம் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தினார்கள். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20%. நம் 70 லட்சம் காருக்கு ஏறக்குறைய 14 லட்சம் அதிலேயே போகும். 10 லட்சத்தைத் தாண்டிய எந்தக் காருக்கும் டீலர் 1% டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்கி உங்கள் கணக்கில் கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டும் என்பது சட்டம். அது இங்கே 70 ஆயிரம். காப்பீட்டையும் சேர்த்தால் ஆன்-ரோடு விலை 87, 88 லட்சத்தில் வந்து நிற்கும்.

பேரம் பேசப் போகும் பெரும்பாலானோர் இந்த 88 லட்சத்தை மட்டும் பார்க்கிறார்கள். “ரவுண்டா 86 போட்டுக் கொடுங்க சார்” என்று கேட்கிறார்கள். ஜிஎஸ்டியும் சாலை வரியுமாக 34 லட்சம் ரூபாய் அரசுக்குப் போகிறது, கார் விலையே குறைந்தாலொழிய அதை யாராலும் குறைக்க முடியாது. பேரம் பேசக்கூடிய பணம் மீதியில்தான் இருக்கிறது, அதுவும் சிலபல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மொத்தத் தொகையில் பேசினால், ஒரு இடத்தில் 2 லட்சம் குறைத்துவிட்டு இன்னொரு இடத்தில் ஒன்றரை லட்சத்தை ஏற்றிவிடுவது டீலருக்கு மிகச் சுலபம். அதனால் நியாயமான விலைக்கு முதல் வேலை, கொட்டேஷனைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்குவது. கார் விலை, காப்பீடு, வரி, பதிவுச் செலவு, கடன் வட்டி, ஆக்சஸரீஸ், பழைய கார் விலை என்று ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

இன்வாய்ஸில் குறையும் விலை

தள்ளுபடி எந்த வடிவத்தில் வருகிறது என்பது பலரும் கவனிக்காத விஷயம். அதில்தான் பெரிய பணம் இருக்கிறது.

டீலர் தன் லாபத்திலிருந்து 1 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை இன்வாய்ஸிலேயே தள்ளுபடியாகக் காட்டினால், வரிக்கு முந்தைய விலை 50 லட்சத்திலிருந்து 49 லட்சமாகும். அதன் மீது 40% ஜிஎஸ்டி போட்டால் மொத்தம் 68.60 லட்சம். ஆக, அவர் விட்டது 1 லட்சம், உங்களுக்குக் குறைந்தது 1.40 லட்சம். விற்கும் நேரத்தில் இன்வாய்ஸில் காட்டப்படும் தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று சட்டமே சொல்கிறது. அதே 1 லட்சத்தை “டெலிவரி முடிஞ்சதும் அக்கவுண்ட்ல போட்டுடறோம்” என்றோ, இலவச ஆக்சஸரீஸ் என்றோ கொடுத்தால் கார் விலைமீதான வரி முழுவதையும் நீங்கள் கட்டியிருப்பீர்கள். அந்த 40 ஆயிரம் யாருக்கும் பயன்படாமல் போகும்.

அதனால் ஷோரூமில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “இன்வாய்ஸ்ல எவ்வளவு குறையும்?” இந்தக் கேள்வியைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார். உங்கள் டிஸ்கவுண்ட்டை எதில் எல்லாம் மறைக்கலாம் என்று அவர் யோசிக்கும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

இந்தத் தள்ளுபடிப் பணம் டீலரின் பாக்கெட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. எந்த மாடல் தேங்கி நிற்கிறதோ அதற்கு நிறுவனமே டீலருக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கும். ஷோரூம் பேச்சில் அதைக் ‘கம்பெனி சப்போர்ட்’ என்பார்கள். அது மாதத்துக்கு மாதம், மாடலுக்கு மாடல் மாறும். சென்ற தீபாவளிக்கு நண்பர் ஒருவருக்குக் கிடைத்த விலை இந்த மாதம் உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கும், சில நேரம் அதைவிட நல்ல விலை கிடைப்பதற்கும் காரணம் இதுதான். “இந்த மாசம் இந்த வேரியன்ட்டுக்குக் கம்பெனி சப்போர்ட் இருக்கா?” என்று நேராகவே கேட்கலாம். அதில் தப்பே இல்லை.

எல்லா பிராண்டிலும் இந்த வழி செல்லாது. மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபரில் இந்தியாவில் விற்பனை முறையையே மாற்றியது. அந்த முறையில் கார் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும், இன்வாய்ஸும் நிறுவனத்தின் பெயரிலேயே வரும். டீலர் கமிஷன் வாங்கும் முகவர் மட்டும். நாடு முழுக்க ஒரே விலை. அந்த ஷோரூமில் போய், “கோயம்புத்தூர்ல 2 லட்சம் குறைச்சுத் தரேன்னாங்க” என்று சொன்னால் எதிரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. கார் விலையைக் குறைக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. நிறுவனம் அறிவிக்கும் சலுகை எல்லாருக்கும் பொது. அங்கே பேசக்கூடியவை காப்பீடு, பழைய காரின் விலை, வட்டி, கூடுதல் வாரண்டி ஆகியவைதான்.

கார் இங்கே அசெம்பிள் ஆனதா, அப்படியே இறக்குமதியானதா என்பதும் பேரத்தின் போக்கை மாற்றும். பிஎம்டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார்களை அசெம்பிள் செய்கிறது. மெர்சிடிஸ் புனே பக்கத்தில் சாகனிலும், வால்வோ பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேயிலும் செய்கின்றன. முழுதாக இறக்குமதியாகும் காருக்குச் சுங்க வரி மிக அதிகம். 2024இல் ரேஞ்ச் ரோவரைப் புனேயில் அசெம்பிள் செய்யத் தொடங்கியதும் அதன் விலை பல லட்சங்கள் இறங்கியதே, அதற்கு இதுதான் காரணம். இங்கே அசெம்பிள் ஆகும் மாடல்கள் டீலரிடம் இருப்பில் நிற்கும், அதனால் பேச இடம் உண்டு. இறக்குமதி மாடல்கள் எண்ணிக்கையில் குறைவு, முன்பதிவு செய்து காத்திருப்பவர்கள் உண்டு, அங்கே தள்ளுபடியை அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒன்று, நம் ஊர்ப் பக்கத்திலேயே தயாராகிறது என்பதற்காகச் சென்னைக்காரருக்கு மலிவாகக் கிடைப்பதில்லை. சாலை வரி அந்த நினைப்பைத் தீர்த்துவிடும்.

சாலை வரி என்றதும் புதுச்சேரி ஞாபகம் வரும். அங்கே வரி குறைவு என்பதற்காக வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தயார்செய்து அந்த முகவரியில் பதிவு செய்து தருகிறோம் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 2017இல் கேரளத்தில் இப்படிப் பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிவான சொகுசு கார்கள்மீது விசாரணை தொடங்கி, பிரபலமானவர்கள் மீதே வழக்குகள் வந்தன. நிஜமாகவே அங்கே வசிப்பவருக்கு மட்டும்தான் அந்த விலை.

ஆடியும் மார்கழியும்

எந்த நாளில் பேசப்போகிறோம் என்பது தமிழ்நாட்டில் மற்ற இடங்களைவிட அதிகமாக வேலை செய்யும். ஆடி மாதத்தில் இங்கே பெரும்பாலானோர் புது வண்டி எடுப்பதில்லை. மார்கழியிலும் அப்படித்தான். ஆனால் டீலருக்கு நிறுவனம் வைக்கும் விற்பனை இலக்குக்கு ஆடி, மார்கழி எல்லாம் தெரியாது. ஜூலைக்கும் டிசம்பருக்கும் மற்ற மாதங்களைப் போலவே இலக்கு இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் டெலிவரிக்கு வரிசையில் நிற்கும் அதே ஷோரூமில், ஆடி மாதத்து செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். மேனேஜரே வந்து உட்கார்ந்து பேசுவார்.

மார்கழியில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. டிசம்பர் 31 முடிந்தால், ஷோரூமில் நிற்கும் கார் ஒரே இரவில் ‘போன வருஷத்து வண்டி’ ஆகிவிடும். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் டிசம்பரின் கடைசிப் பத்து நாள்களில் டீலர்கள் இறங்கி வருவார்கள். மார்கழியில் வண்டி எடுக்க மனம் ஒப்பாதவர்கள், விலையை டிசம்பரிலேயே எழுத்தில் முடித்துக்கொண்டு தை பிறந்ததும் டெலிவரி கேட்கலாம். ஆனால் ஜனவரியில் விலையேற்றம் அறிவிப்பது கார் நிறுவனங்களின் வழக்கம். அதனால் ‘இந்த விலை ஜனவரி டெலிவரிக்கும் பொருந்தும்’ என்ற வரி அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் போன ஆண்டுக் காரைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்கலாமா? எட்டு, பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். பத்து வருடம் கழித்து அந்த ஒரு வருட வித்தியாசத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் நன்றாகக் கணக்குப் போட வேண்டும். எப்படியானாலும், உங்களுக்கு ஒதுக்கிய காரின் சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஃபார்ம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழிலும் தயாரிப்பு மாதம் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காப்பீடு, கடன் என்ற இரண்டு சந்து

கார் விலையில் விட்டதை டீலர் திரும்பப் பிடிப்பது பெரும்பாலும் காப்பீட்டில்தான். எங்கள் ஷோரூமிலேயே எடுத்தால்தான் தள்ளுபடி என்பார்கள். காப்பீட்டை எங்கே வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குக் கட்டாயம், சொந்த சேதத்துக்கான பகுதியை 1 வருடத்துக்கு எடுத்தால் போதும். இந்த இரண்டாவது பகுதியில்தான் விலை வித்தியாசம் கிடக்கிறது.

வெளியே ஒரு விலை வாங்கி ஒப்பிடும்போது ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் காருக்குப் பொதுவாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95% வைப்பார்கள். அதைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் பிரீமியம் மலிவாகத் தெரியும்; கார் திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோதான் அந்த நஷ்டம் புரியும். ஜீரோ டெப்ரிசியேஷன் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதாகப் போனால் இன்வாய்ஸ் விலையைத் தருவது), இன்ஜின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இரு பக்கமும் இருக்க வேண்டும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரருக்கு இன்ஜின் பாதுகாப்பு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சாதாரணப் பாலிசி ஏற்காது, சொகுசு கார் இன்ஜினின் விலை ஒரு சின்னக் காரின் விலைக்குச் சமமாக வரும்.

இதில் பலர் கோட்டைவிடும் ஒன்று உண்டு. பழைய காரில் தொடர்ந்து கிளெய்ம் செய்யாமல் வைத்திருந்தால் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் காரோடு போவதில்லை, உரிமையாளரோடு வரும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் 50% குறையும். சின்னக் காரில் சேர்த்த அந்த 50%ஐ 70 லட்சம் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். குறையும் தொகை லட்சத்தைத் தொடவும் கூடும். பழைய காரை விற்றதற்கான ஆவணத்தைக் கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் சான்றிதழ் வாங்கினால் போதும். அது 3 வருடம் செல்லும். ஷோரூமில் இதை யாரும் தானாக முன்வந்து சொல்வது அபூர்வம்.

ஆனால் ஒரு டீலர் இன்வாய்ஸில் நல்ல தள்ளுபடி கொடுத்துவிட்டு, காப்பீட்டை மட்டும் தன்னிடமே எடுக்கச் சொன்னால், பதினைந்து இருபதாயிரம் வித்தியாசத்துக்காக நான் அடம்பிடிக்க மாட்டேன். நாளை வண்டி அடிபட்டு அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது கிளெய்ம் வேலையை அவர்கள் அக்கறையாகப் பார்ப்பார்கள். விற்பவருக்கும் நாலு காசு நிற்பதுதான் நியாயமான விலை.

கடன் பேச்சு வந்தால் சேல்ஸ் ஆள் கேட்கும் முதல் கேள்வி, “மாசம் எவ்வளவு கட்டலாம்னு இருக்கீங்க சார்?” இதற்குப் பதில் சொல்லாதீர்கள். 60 லட்சம் கடனை 9% வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,24,500 ரூபாய். 7 வருடமாக நீட்டினால் 96,500. மாதம் 28 ஆயிரம் குறைந்தது போலத் தெரியும், ஆனால் மொத்தத்தில் 6 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். விலைப் பேச்சில் வாங்கிய தள்ளுபடி எல்லாம் அங்கே கரைந்துவிடும். அதே கடனில் வட்டி 9%இலிருந்து 8.5% ஆனால் 5 வருடத்தில் மிச்சம் 87 ஆயிரம். அரை சதவீதத்துக்காக இரண்டு வங்கிகளுக்கு நடப்பது வீண்வேலை அல்ல.

‘ஃபிளாட் வட்டி 5%தான்’ என்றால் மயங்க வேண்டாம். கடன் அடைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி அது. 60 லட்சத்துக்கு 5 வருட ஃபிளாட் வட்டி 15 லட்சம், தவணை 1,25,000. மேலே சொன்ன 9% கடனின் தவணையைவிட இது அதிகம். எப்போதும் குறையும் நிலுவையின் மீதான வட்டி எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். நிறுவனத்தின் சொந்த நிதிப் பிரிவு மிகக் குறைந்த வட்டி தருகிறது என்றால், அந்தச் சலுகைக்காக ரொக்கத் தள்ளுபடியை எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். “குறைந்த வட்டி வேண்டாம், வங்கிக் கடன் எடுத்துக்கறேன், அப்போ இன்வாய்ஸ்ல எவ்வளவு குறையும்?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். கடைசியில் ஒரே தவணையாகப் பெரிய தொகை கட்டச் சொல்லும் திட்டங்களில் மாதத் தவணை குறைவாகத் தெரியும். அந்தக் கடைசித் தொகையைச் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

கொட்டேஷனின் கடைசி வரிகள்

கொட்டேஷனின் அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும்: ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட், செராமிக் கோட்டிங், ஆர்டிஓ செலவு. ஹேண்ட்லிங் என்பது அரசுக் கட்டணம் அல்ல. காரை ஷோரூம் வரை கொண்டுவருவது விற்பவரின் வேலை. அதை எடுத்துவிடச் சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். தனிநபர் காருக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 5,000. கடன் பதிவு, மற்ற சில்லறைக் கட்டணங்கள் சேர்த்தாலும் சில ஆயிரங்களுக்குள் முடியும். ‘ஆர்டிஓ செலவு 35,000’ என்று இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். சாலை வரிக்கும் பதிவுக்கும் அரசு தரும் ரசீது உண்டு, அதன்படிதான் கணக்கு முடிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செராமிக் கோட்டிங்கை வெளியே போட்டுக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

பழைய காரை எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதாக இருந்தால் புதுக் காரின் விலை முடியும் வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்துக்கொண்டு கடைசியில் பேசுங்கள்.

நியாயமான விலை எது என்று எப்படித் தெரியும்? அதே மாதத்தில், அதே வேரியன்ட்டுக்கு, அதே தயாரிப்பு மாதக் காருக்கு மற்ற டீலர்கள் எழுத்தில் தரும் இன்வாய்ஸ் விலைதான் அளவுகோல். சென்னையில் இரண்டு, கோவையிலோ மதுரையிலோ ஒன்று, முடிந்தால் பெங்களூரிலும் ஒன்று கேளுங்கள். ஜிஎஸ்டி எந்த மாநிலத்தில் வாங்கினாலும் ஒன்றுதான். தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து இங்கே வரி கட்டிப் பதிவு செய்யலாம். அதனால் பெங்களூர் விலையைக் காட்டிப் பேசுவது வெறும் மிரட்டல் அல்ல, நிஜமாகவே செய்யக்கூடியது. நாலு கொட்டேஷன் கையில் இருந்தால் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது. உங்களுக்குப் பிடித்த டீலரிடம் போய், “எனக்கு உங்ககிட்ட எடுக்கணும்னுதான் ஆசை. இந்த விலைக்கு வந்தீங்கன்னா இன்னைக்கே புக்கிங் போடறேன்” என்று சொன்னால் போதும். சொன்னபடி அன்றே போடவும் வேண்டும். விலை முடிந்த பிறகு இன்னும் பத்தாயிரம் என்று இழுப்பது அழகல்ல.

புக்கிங் படிவத்தில் ‘டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்’ என்ற வரி சாதாரணமாக இருக்கும். அதை மாற்ற மறுத்தால், பேசி முடித்த தள்ளுபடித் தொகையையாவது மேனேஜர் மின்னஞ்சலில் உறுதி செய்ய வேண்டும். புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில் என்பதும் அதிலேயே வரட்டும். வாட்ஸ்அப்பில் சேல்ஸ் ஆள் அனுப்பிய குரல் செய்தி, அவர் வேலை மாறிப் போய்விட்டால் உதவாது.

பதிவுக்கு அனுப்பும் முன் காரைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு கீறலோ பெயின்ட் வித்தியாசமோ தெரிந்தால் வேறு கார் கேட்பது கடினம். டெலிவரி எடுத்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. டீலர் பிடித்த அந்த 1% டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 70 ஆயிரமும் உங்கள் பணம்தான். கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம்.